குளக்கரை நடைக்கு ஒரே ஒரு லென்ஸ் என்றால்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கையில் நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 லென்ஸ். ஞாயிறு காலையில் சிங்காநல்லூர் குளம் இல்லாவிட்டால் சூலூர் குளம், வருடத்தில் இரண்டு தடவை வால்பாறை. பறவை, வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, பூ எல்லாமே எடுக்க ஆசை. 40 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் புரட்டலாம், ஆனால் வாங்கப்போவது ஒன்றுதான், அடுத்தது இப்போதைக்குக் கிடையாது. 70-300 வாங்கலாமா, பழைய 150-600 ஒன்றைத் தேடிப் பிடிக்கலாமா (இந்த எண்கள் எம்எம் கணக்கு, எண் பெரிதானால் தூரத்தைக் கிட்டே இழுக்கும்), பேசாமல் சின்னதைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கிற மேக்ரோ வாங்கிவிடலாமா? கேள்வியை இரண்டாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது, எதை வாங்கினாலும் மற்றது கைவிட்டுப் போய்விடுமே என்ற கவலைதான் உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது. போகத்தான் செய்யும். அதனால் எது போனால் உங்களுக்கு அவ்வளவாக வலிக்காது என்று பார்ப்போம்.

நான் தொழில்முறைப் படக்காரன் இல்லை. பன்னிரண்டு வருடமாகக் கோவைக் குளங்களைச் சுற்றி வருகிறவன், அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஐந்து லென்ஸ் வாங்கி மூன்றை நஷ்டத்தில் விற்றவன், அவ்வளவுதான் தகுதி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300, பெயரில் விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி) என்று இருக்கிற மாடல். அதோடு சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு சின்ன குளோசப் கண்ணாடி. ஏன் என்று கீழே சொல்கிறேன், இது எங்கே காலை வாரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் எடை. எல்லோரும் கடைசியில் யோசிப்பது இதைத்தான், ஆனால் நடை என்று வந்துவிட்டால் முதலில் யோசிக்க வேண்டியது இது. உங்கள் கேமரா பேட்டரி, கார்டோடு 465 கிராம். இந்த 70-300 லென்ஸ் 415 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். 150-600 என்று வருகிற டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் குறைந்தது ஏறக்குறைய 2 கிலோ, கேமராவைச் சேர்த்தால் கழுத்தில் இரண்டரைக் கிலோ தொங்கும். நான் அப்படி ஒன்றை ஒன்றரை வருடம் தூக்கியிருக்கிறேன். முதல் அரை மணி நேரம் ராஜா மாதிரி இருக்கும். அப்புறம் கழுத்திலிருந்து தோளுக்குப் போகும், தோளிலிருந்து பைக்குள் போகும், பைக்குள் போன பிறகு கரைச் செடியில் தேன்சிட்டு வந்து உட்காரும். ஜிப்பைத் திறக்கிற சத்தத்துக்கே அது போய்விடும். பறவைக்காக ஒரே இடத்தில் கேமராவுக்கு முக்காலி போட்டு மூன்று மணி நேரம் உட்காருகிற ஆள் நீங்கள் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள், அவர்களுக்கு 150-600 தான் சரி. நீங்கள் நடை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

சரி, 300 எம்எம் போதுமா? இதில் ருசிக்கு இடமில்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லென்ஸின் எம்எம்மைத் தூரத்தால் வகுத்து, பறவையின் நீளத்தால் பெருக்கினால், சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதிகிற சில்லில், பறவை எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரிந்துவிடும். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். அது 20 மீட்டர் தள்ளி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 300 எம்எம்மில் அது சென்சாரில் 4.2 மி.மீ. நீளம் விழும். உங்கள் சென்சார் 23.5 மி.மீ. அகலம், அதில் 6000 பிக்சல், ஆக பறவைக்குக் கிடைப்பது சுமார் 1070 பிக்சல். பெரும்பாலான போன்களின் திரை அகலம் 1080. அதாவது படத்தை வெட்டி எடுத்தால் போன் திரையின் அகலத்துக்கு மீன்கொத்தி நிற்கும். எனக்கு இது தாராளம். சுவரில் பெரிதாக மாட்ட வேண்டும் என்பவருக்குப் போதாது. பத்து மீட்டருக்கு நெருங்க முடிந்தால் இந்த அளவு இரண்டு மடங்காகும், 600 எம்எம் லென்ஸால் 20 மீட்டரிலிருந்து எடுத்தாலும் அதே அளவுதான் வரும். இரண்டரைக் கிலோவைத் தூக்குவதா, பத்து மீட்டர் பூனை மாதிரி நடப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், பறவை அனுமதித்தால்.

எல்லாப் பறவையும் அனுமதிக்காது என்பதும் உண்மை. உண்ணிக்கொக்கு மாட்டுக்குப் பக்கத்தில் ஐந்தாறு மீட்டரில் நிற்கும், கண்டுகொள்ளாது. கூழைக்கடா தூரத்தில் இருந்தாலும் உடம்பு பெரியது, 60 மீட்டரில்கூட 300 எம்எம்மில் படத்தின் அகலத்தில் கால்வாசிக்கு மேல் வந்துவிடும். சிக்கல் முக்குளிப்பான் மாதிரி சின்ன உருப்படிகளோடுதான். கையளவு பறவை, நடுக்குளத்தில் 40 மீட்டரில் மூழ்கி மூழ்கி எழும். 300 எம்எம்மில் அது ஐந்நூறு பிக்சல்கூடத் தேறாத ஒரு புள்ளி. இதில் 70-300 தோற்கும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 600 எம்எம் வைத்திருந்த காலத்திலும் அந்தத் தூரத்தில் எடுத்த படங்கள் எனக்குப் பெரிதாகத் தேறவில்லை. வெயில் ஏறி ஒன்பது மணி ஆகிவிட்டால் தண்ணீருக்கு மேலே காற்று கானல் மாதிரி அலைய ஆரம்பிக்கிறது, அந்த அலைச்சலையும் சேர்த்துத்தான் லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். அதற்கு எந்த விலை லென்ஸிலும் மருந்து கிடையாது.

இப்போது மறுமுனைக்கு வருவோம். லென்ஸ் எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கேட்கிறவர்கள் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று கேட்பதில்லை. ஒரே லென்ஸோடு வாழப்போகிறவருக்கு இரண்டாவது கேள்விதான் வாழ்வா சாவா. மேலே சொன்ன என் 150-600 லென்ஸுக்குக் குறைந்தபட்சத் தூரம் இரண்டரை மீட்டருக்கும் மேலே. ஒரு நாள் குளக்கரையில் காலடியில் மூக்குத்திப்பூ மேல் வெந்தய வரியன் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆரஞ்சு இறக்கை, ஓரத்தில் கறுப்புக்கரை போட்ட வெள்ளைப் புள்ளி, அசையாமல் தேன் குடித்துக்கொண்டிருந்தது. லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து ஃபோகஸ் கிடைக்காமல் நின்றது. ஓரடி பின்னால் வைத்தேன், போதவில்லை. இன்னோரடி. மூன்றாவது அடியில் இடது கால் ஆகாயத்தாமரைக்குள் முழங்கால் வரை போய்விட்டது. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றேன், பூச்சி அதுபாட்டுக்கு அடுத்த பூவுக்குப் போயிற்று. நியாயமாகச் சொன்னால், அந்தப் பெரிய லென்ஸாலும் தூரத்தில் நின்று வண்ணத்துப்பூச்சியை நல்ல அளவில் எடுக்க முடியும், உருப்பெருக்கத்தில் குறை இல்லை. பின்னால் போக இடம் வேண்டும், குளக்கரையில் இல்லாதது அதுதான்.

இந்த 70-300 லென்ஸ் 1.1 மீட்டரில் ஃபோகஸ் ஆகிவிடும். அந்தத் தூரத்தில் 300 எம்எம்மில் படத்தின் அகலத்துக்குள் அடங்கும் இடம் சுமார் 10 செ.மீ. வெந்தய வரியன் இறக்கை விரித்தால் ஏழெட்டு செ.மீ. இருக்கும், படத்தை நிறைத்துவிடும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி போன்ற பெரியவை எல்லாம் சொல்லவே வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி நிற்பதில் இன்னொரு வசதி, உங்கள் நிழல் பூச்சி மேலே விழாது, பாதிப் பூச்சிகள் பறப்பது அந்த நிழலைப் பார்த்துத்தான். ஆனால் புல்லோடு புல்லாகப் பறக்கும் இரண்டு செ.மீ. நீலக்குட்டிகள், சிலந்தியின் கண், எறும்பு, இதெல்லாம் இந்த லென்ஸுக்கு மட்டும் அடங்காது.

அங்கேதான் குளோசப் கண்ணாடி. ஒரே லென்ஸ் என்ற விதியைக் கொஞ்சம் ஏமாற்றுகிற வேலைதான், ஆனால் ஃபில்டர் மாதிரி முன்னால் திருகிக்கொள்கிற சின்ன உருப்படி என்பதால் எனக்கு மனச்சாட்சி உறுத்தவில்லை. வாசிக்கிற கண்ணாடியைப் போலவே இதற்கும் பவர் உண்டு. ஆயிரத்தை அந்தப் பவரால் வகுத்தால் எத்தனை மி.மீ. தூரத்தில் வேலை செய்யும் என்று வந்துவிடும். பவர் 2 என்றால் 500 மி.மீ., அதாவது அரை மீட்டர். 300 எம்எம் லென்ஸை முடிவிலிக்கு (எட்டுகிற கடைசித் தூரத்துக்கு) ஃபோகஸ் செய்து முன்னால் பவர் 2 கண்ணாடியை மாட்டினால் படத்தின் அகலத்துக்குள் வருவது 4 செ.மீ. இடம். நீலக்குட்டி படத்தில் பாதிக்கு நிற்கும், அதுவும் அரை மீட்டர் தள்ளி நின்றபடியே. பவர் 5க்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடி என்றால் 20 செ.மீ. வரைக்கும் நெருங்கணும், பறக்கிற பூச்சிக்கு அது ஒத்துவராது, வலை நடுவில் எக்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கிற சிலந்திக்குச் சரியாக இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் நான்கு கண்ணாடியைச் செட்டாகப் போட்டு மலிவாக விற்பார்கள், அவை ஒற்றைக் கண்ணாடி, ஓரமெல்லாம் ஊதா, பச்சை என்று நிறம் வழியும். அக்ரோமாட் என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு கண்ணாடியை ஒட்டிச் செய்திருப்பார்கள். உங்கள் லென்ஸின் ஃபில்டர் அளவு 58. இன்னொன்று, கண்ணாடியை மாட்டியிருக்கும்போது தூரத்துப் பறவை ஃபோகஸ் ஆகாது. கழற்ற மறந்துவிட்டு லென்ஸ் கெட்டுப்போனது என்று பதறாதீர்கள், எனக்கு அது நடந்திருக்கிறது.

அப்படியானால் நேராக மேக்ரோவே வாங்கிவிடலாமே என்பீர்கள். 90, 100, 105 எம்எம் மேக்ரோ லென்ஸின் தெளிவுக்கு நான் சொல்கிற எதுவும் கிட்டே வராது, அதில் சந்தேகம் இல்லை. உங்கள் ஆசைப் பட்டியலில் பறவை கடைசியில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் பறவையை முதலில் எழுதியிருக்கிறீர்கள். 100 எம்எம்மை வைத்துக்கொண்டு மீன்கொத்தியைப் பார்ப்பது கல்யாண வீட்டில் விரதம் இருப்பது மாதிரி. அப்புறம் உங்கள் 18-55 லென்ஸைக் குறைவாக எடைபோடாதீர்கள். கால் மீட்டரில் ஃபோகஸ் ஆகும், பூவுக்கும் காளானுக்கும் இலை மேல் பனித்துளிக்கும் நன்றாகவே வேலை செய்யும். கையகல லென்ஸ், வேண்டுமானால் பையில் ஒரு மூலையில் கிடக்கட்டும்.

வேறு இரண்டு பெயர்கள் உங்கள் காதில் விழும். ஒன்று டாம்ரான் 18-400. எடை 700 கிராம் சொச்சம், 45 செ.மீ.யில் ஃபோகஸ் ஆகும், காகிதத்தில் பார்த்தால் நீங்கள் கேட்டது இதையேதான். நண்பருடையதை இரண்டு வாரம் வைத்திருந்தேன். நடுப்பகுதி வரை குறை சொல்ல முடியாது, 400ஐத் தொட்டதும் இறகின் வரிகள் கொஞ்சம் கரைந்துபோகின்றன, பறவைக்கு நமக்கு வேண்டியதோ அந்தக் கடைசிதான். பயணப் படங்களும் சேர்த்து எடுப்பவருக்கு நல்ல லென்ஸ், எனக்குப் பிடிக்கவில்லை, இது என் ருசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிக்கானின் பழைய ஏஎஃப்-எஸ் 300 எஃப் 4, விஆர் இல்லாதது. பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் தெளிவில் 70-300 லென்ஸை ஓரம்கட்டும், ஒன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆவதால் வண்ணத்துப்பூச்சிக்கும் அருமை. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, ஜூம் கிடையாது. வால்பாறையில் ஜூம் இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரம் வரைக்கும் வந்துவிடும், நாம் நெருங்காமலே அவை நெருங்கிவிடும், அப்போது 300 எம்எம்மில் மூக்கு மட்டும்தான் தெரியும். 70க்கு இறங்க முடிந்தால் குட்டியோடு சேர்த்து முழுக் குரங்கும் வரும்.

இனி இந்த லென்ஸ் காலை வாரும் இடம். 300 எம்எம்மில் இதன் வாய், அதாவது வெளிச்சம் நுழைகிற துவாரம், எஃப் 6.3 தான், எண் கூடினால் துவாரம் சின்னது. எஃப் 4 லென்ஸோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவான வெளிச்சம். காலை ஆறரைக்கு மரத்தடியிலும் வால்பாறை மூடுபனியிலும் ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்வை) 3200 வரை ஏற்றியாக வேண்டியிருக்கும், படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும். தெரியட்டும். மணல் தெரிகிற கூர்மையான படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், தேன்சிட்டு தலையைத் திருப்புவதைப் பிடிக்காது, அதனால் ஷட்டரை 500க்குக் (ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு) கீழே விடாதீர்கள், ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே போட்டுவிட்டால் மறந்துவிடலாம். பறக்கும் பறவைக்கு 2000 வரை வேண்டும், அதற்கு நல்ல வெயில் வேண்டும். கருப்புவெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்குமே, அதை இதால் பிடித்துவிடலாம். பஞ்சுருட்டான் பூச்சியைத் துரத்தி வளைகிற வேகத்துக்குப் பத்துக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம், அதில் கேமராவின் பங்கும் உண்டு என்பதால் லென்ஸை மட்டும் திட்ட முடியாது. இரவில் தவளை, பாம்பு எடுப்பதில் எனக்கு அனுபவமே இல்லை, அந்த ஆசை இருந்தால் வேறு ஆளிடம் கேளுங்கள்.

வாங்கும்போது பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். இந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 இரண்டு வகையில் வந்தது, ஒன்றில் விஆர் உண்டு, ஒன்றில் இல்லை, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 300 எம்எம்மைக் கையில் பிடித்து எடுப்பவருக்கு விஆர் இல்லாதது வேண்டவே வேண்டாம். லென்ஸின் உடம்பில் விஆர் பொத்தானைத் தேடாதீர்கள், அது கேமரா மெனுவில் இருக்கிறது, உங்கள் டி5600இல் வரும். டி3200, டி5100, டி90 போன்ற பழைய உடல்களில் ஏஎஃப்-பி லென்ஸ்கள் வேலை செய்யாது, அந்தக் கேமராக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும். உங்களுக்கு உள்ள பொறி வேறு. உங்கள் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் எதையாவது வாங்கினால் காலத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சந்தேகம் இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். இன்னும் மூன்று ஞாயிறு அந்த 18-55 லென்ஸோடு மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். எடுக்க முடியாமல் போன ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை எட்டுத் தூரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து. "நீலத் தாழைக்கோழி, கோரைக்குள், 25 எட்டு. சிலந்தி, முழங்கால் உயரம், அரை எட்டு." நானும் இப்படி ஒரு பட்டியல் போட்டேன், ஆனால் மூன்றாவது லென்ஸை விற்ற பிறகு. அதில் முக்கால்வாசி அரை எட்டுக்கும் இருபது எட்டுக்கும் நடுவில்தான் இருந்தது, நாற்பது எட்டுக்கு மேலே நான் உண்மையில் ஏங்கியது நான்கோ ஐந்தோ. உங்கள் பட்டியல் வேறு மாதிரி வந்தால், முழுக்க நடுக்குளத்துப் பறவையாகவே வந்தால், நான் சொன்னதை ஒதுக்கிவிட்டு 150-600க்குப் போங்கள், முக்காலிக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

பழையது வாங்குவதானால் போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமாக அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி மெல்லியதாக ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை, விலை பாதியானாலும் தொடாதீர்கள். ஒரு கடையில் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்த லென்ஸை நம்பி வாங்கி, வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே காடே வளர்ந்திருந்தது தெரிந்தது, திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கிவிட்டால் வாங்கியதுதான் என்றுவிட்டார்கள். புதியது வாங்கினாலும் வால்பாறை மழையிலிருந்து வந்த அன்றே பையில் போட்டு மூடாதீர்கள். காற்றுப் புகாத டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், பத்து இருபது ரூபாய்க் கணக்கு பார்க்காமல் ஈரப்பத மீட்டர் ஒன்று, முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம், ஜூம் இழுக்கும்போது அரிசி மாவு உள்ளே போய்விடும்.